அண்ணாத்தேவுக்குப் பூசிய சந்தனம்

மனைவியின் மிக்ஸியிலிருந்து குமிழைப் பிடுங்கிக்கொண்டு போய், கம்பெனியில் நானே செய்த பவர் சப்ளைக்கு மாட்டிவிட்டு, வீட்டில் "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று சொன்னவன் நான். ஆவடியில் எங்கள் தெருவில் எலி உண்டு. ஆனால் பக்கத்திலிருந்த தேங்காய் மூடியைத் தொடாமல் மிக்ஸிக் குமிழை மட்டும் கொண்டுபோகிற எலி இதுவரை யார் வீட்டுக்கும் வந்ததில்லை. என் மனைவி நம்பியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து கட்டிங் பிளேயரால் மிக்ஸியைத் திருப்பிச் சட்னி அரைத்தாள். அந்தக் கட்டிங் பிளேயரும் என்னுடையதுதான். அது எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் வந்து, "புதுசா சேர்ந்திருக்கிற பசங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சார்" என்று நம் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. படிக்கப்போகிற உங்கள் மேல்தான் பரிதாபம்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு பவர் சப்ளை என்றால் ஃபோனில் ஆர்டர் போட்டு, மறுநாள் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிற சாமான். புதிதாக ஒரு சர்க்யூட் செய்து பார்க்கும்போது, அதற்கு எத்தனை வோல்ட் தேவையோ அத்தனை வோல்ட்டைக் குமிழைத் திருப்பிக் கொடுக்கிற பெட்டி, அவ்வளவுதான். எனக்கு அது அவ்வளவுதான் இல்லை. என்னுடையதை நானே செய்தேன். வெளிக்கூடு, ஒரு பழைய ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசரின் தகர டப்பா. அது நேராக நிற்காது என்பதால் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தேன். ஆகவே குமிழ் கூரையைப் பார்த்திருக்கும். முள் காட்டும் மீட்டருக்கு நானே பால்பாயிண்ட் பேனாவால் எண்கள் எழுதினேன். குமிழ் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன். அதில் 1, 2, 3 என்று போட்டிருக்கும். "ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல வை" என்றால் ஐந்து வோல்ட் என்பது நம் டெஸ்டிங் ஹாலில் எல்லோருக்கும் தெரியும். புதிதாக வருபவர்கள், என்னவோ சட்னி அரைக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதற்கு 'அண்ணாத்தே' என்று பெயர் வைத்தது அசெம்பிளி ஏழுமலை. மண்ணூர்பேட்டைக்காரர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வருவதற்கு முன்னால் இந்த இடமெல்லாம் தங்கள் வயல் என்று சொல்வார்; அதனால் கம்பெனிக்குள் நடந்தால் அவருக்கு ஒரு நில உடைமையாளரின் நடை வந்துவிடும். "சார், மத்ததெல்லாம் மிஷினு. இது மட்டும் அண்ணாத்தே" என்றார். நானும் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு முதலாளி ஒரு நல்ல பவர் சப்ளை வாங்கினார். எண்கள் பளிச்சென்று எரியும். இரண்டு குமிழ். ஒன்று வோல்ட்டேஜுக்கு; மற்றொன்று, இவ்வளவுக்கு மேல் கரண்ட் போகக்கூடாது என்று வரம்பு கட்டுவதற்கு. நான் அதைப் பெரிதும் மதித்தேன். மதித்ததால் அதன்மேல் தூசு படக்கூடாது என்று ஒரு உறை போட்டு மூடி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

அந்த வருடம்தான் தேன்மொழி வந்தாள். தேனிப் பக்கத்துப் பெண். வானகரத்தில் ஒரு ஃப்ளாட்டில் இன்னும் சில பெண்களோடு தங்கியிருந்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் மெல்லிய குரலில் ஒரு தடவைதான் சொல்வாள். அதற்குள் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கோ, நான் பேசுவதைக் கேட்கவே நேரம் போதாது.

அவளுக்குக் கொடுத்த வேலை, ஹோட்டல்களில் மாவரைக்கும் பெரிய கிரைண்டருக்கு ஒரு கன்ட்ரோல் போர்டு. மாவு பதத்துக்கு வந்ததும் மோட்டாரின் இழுவையை வைத்தே அதைக் கண்டுபிடித்து, கிரைண்டரைத் தானாக நிறுத்தவேண்டும். கேட்டவர் கோவைக்காரர், கிரைண்டர் செய்து விற்பவர். முதலாளி எல்லோர் முன்னாலும் அவளிடம் சொல்லிவிட்டார்: "கோயம்புத்தூர்க்காரருக்குப் பிடிச்சா, நீ பெர்மனென்ட். இல்லேன்னா, நான் இந்த டிசைன் டிபார்ட்மென்ட் வெச்சு என்னம்மா பண்ணப்போறேன்?" டிசைன் டிபார்ட்மென்ட் என்றால் அவளும் ஒரு நாற்காலியும்தான். நாற்காலிக்குப் பிரச்சினை எதுவும் இல்லை.

வேலை செய்கிற போர்டு ஒன்றே ஒன்று. அதிலிருந்த முக்கியமான சிப், மாதிரிக்கென்று வந்தது. அடுத்தது எப்போது வரும் என்று விற்றவருக்கே தெரியாது. போர்டு போனால், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் நான் செய்ததைச் செய்தேன்.

கோவைக்காரர் வருகிற நாளுக்கு முந்தைய வேலை நாளில் ஆயுதபூஜை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுதபூஜை எப்படி நடக்கும் என்று நீங்கள் இந்த வருடம் பார்ப்பீர்கள். வருடம் முழுக்கத் துடைக்காத டிரில்லிங் மெஷினைப் பிள்ளை பெற்றவள் குழந்தையைத் துடைப்பது போலத் துடைப்பார்கள். சால்டரிங் அயர்ன்கள் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நிற்கும். முதலாளியின் கார், டீ கொண்டுவரும் ஃபிளாஸ்க், எடை மெஷின், எதுவும் தப்பாது. ஒரு தடவை வாட்டர் டேங்க் மோட்டாருக்குக் கட்டிய மாலை உள்ளே மாட்டிக்கொண்டு, இரண்டு நாள் குழாயில் சாமந்தி வந்தது.

எல்லாச் சாமான்களுக்கும் பொட்டு வைக்கும் பொறுப்பு ஏழுமலையுடையது. அண்ணாத்தேவுக்கு மட்டும் நான்தான் வைப்பேன். அன்று சந்தனத்தில் பன்னீர் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. பரவாயில்லை, நம்ம பிள்ளைக்குத்தானே என்று டப்பாவின் நான்கு மூலையிலும் வைத்து, நடுவே குமிழின் உச்சியில் கட்டைவிரலால் ஒரு பெரிய பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் வைத்தேன். சந்தனம் குமிழின் பக்கவாட்டில் வழிந்து அடியில் இறங்கியது. அதை அபிஷேகம் என்று நினைத்து ரசித்தேன்.

"இன்னா சார், அண்ணாத்தே மாப்ள கணக்கா கீறாரு!" என்றார் ஏழுமலை. "பொண்ணு எங்க?"

"ஜாதகம் பாத்துக்கிட்டு இருக்கோம் ஏழுமலை."

"மேல் தட்டுல ஒண்ணு உறை போட்டுகினு குந்திகினு கீதே. பேசி முட்ச்சுடலாமா?"

"அது ரொம்ப விலை ஒசந்த இடம். நமக்கு வேணாம்."

கற்பூரம் ஏற்றினார்கள். மணி ஆட்டுவது சீனியாரிட்டிப்படி என் உரிமை. அது வெண்கல மணி. எஸ்டேட்டின் அடுத்த தெரு வரை கேட்கும். நான் அதை ஆட்டினால் பிள்ளையாரே கொஞ்சம் தள்ளி உட்காருவார். நடுவில் தேன்மொழி பக்கத்தில் வந்து, அண்ணாத்தேவைக் காட்டி ஏதோ சொன்னாள். நன்றாக அலங்கரித்திருக்கிறேன் என்று சொல்கிறாள் போலும் என்று தலையாட்டி, தட்டிலிருந்து விபூதியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விபூதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நெற்றியில் இட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்து முடிந்தபின் மறுபடி வந்தாள்.

"சார், போர்டை ஒரே ஒரு தடவை ஆன் பண்ணிப் பாத்துக்கிறேன்."

"இன்னிக்கா? பூஜை போட்ட சாமானை இன்னிக்குத் தொடலாமாம்மா? அதுங்களுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?"

பக்தியில் சொன்னதாக நினைக்காதீர்கள். எனக்கு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியிருந்தது.

விடுமுறை முடிந்து கோவைக்காரர் வந்தார். கதர்ச் சட்டை, மெதுவான பேச்சு, எதையும் தொட்டுப் பார்க்கிற விரல்கள். ஹாலின் நடுவில் கிரைண்டர். ஏழுமலை தன் வீட்டிலிருந்தே அரிசியும் உளுந்தும் ஊறவைத்து இரண்டு தூக்கு நிறையக் கொண்டுவந்திருந்தார். "என் ஊட்டுக்காரி ஊற வச்சது சார். மாவு நல்லா வர்லன்னா போர்டு மேல பழி போடுங்க, அது மேல போடாதீங்க" என்று முதலிலேயே எச்சரித்தார்.

தேன்மொழி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, மேல்தட்டுப் பவர் சப்ளையின் உறையைக் கழற்றினாள்.

"அது எதுக்கும்மா? அண்ணாத்தே இருக்கும்போது?"

"இதுல கரண்ட் லிமிட் இருக்கு சார்."

"எங்க காலத்துல கரண்ட்டுக்கே லிமிட் கிடையாது. நாங்க போர்டு செய்யலயா?"

கோவைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் என் பெட்டியை ஒதுக்கினால் என் மானம் என்ன ஆவது? அவளுடைய வேலையைப் பற்றி அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "சரி சார். ஒயர் மட்டும் என்னோடது போட்டுக்கிறேன்."

"என் ஒயருக்கு என்ன குறை?"

"நீளம் பத்தாது சார்."

அவள் ஒயரின் நடுவில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு புடைப்பு இருந்தது. எலியை விழுங்கிய பாம்பு மாதிரி. "ஒயருக்குக் கட்டி வந்திருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணாத்தேவை ஆன் செய்தேன். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். முள் ஐந்தில் நின்றது. போர்டை இணைத்தாள். கிரைண்டர் சுற்றத் தொடங்கியது. அரிசி கல்லில் நசுங்கும் சத்தம் மாறிக்கொண்டே வர, போர்டில் சின்ன விளக்கும் அதற்கேற்பச் சிமிட்டியது. கோவைக்காரர் குனிந்து பார்த்தார். முதலாளியின் முகத்தில் ஆர்டர் கையெழுத்தாகிவிட்ட களை.

"எங்க பக்கம் கரண்டு ஏத்த இறக்கம் ஜாஸ்திங்க," என்றார் கோவைக்காரர். "உள்ள வர்ற வோல்ட்டேஜ் கொறைஞ்சா இது என்ன பண்ணுமுங்க?"

தேன்மொழி வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "பேச்சு எதுக்கு சார்? இதோ கொறைச்சே காட்டறேன்."

குமிழைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பினேன். அதில் ஒரு சின்ன நெருநெருப்பு தட்டியது. முள் ஐந்திலிருந்து இறங்கவில்லை. ஒரே தாவாகத் தாவி, நான் பேனாவால் எழுதிய கடைசி எண்ணைத் தாண்டி, எண்ணே இல்லாத இடத்தில் போய் முட்டி நின்றது. 'டப்' என்று ஒரு சத்தம். போர்டில் விளக்கு அணைந்தது. கிரைண்டர் இரண்டு சுற்று பெருமூச்சு விட்டு நின்றது.

தேன்மொழி சுவரிலிருந்து அண்ணாத்தேவின் பிளக்கைப் பிடுங்கினாள். நான் இன்னும் குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு தபா போட்டுப் பாக்கலாமா சார்?" என்றார் ஏழுமலை, ஆறுதலாக.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 'இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாம்' என்ற வார்த்தைகளால் செத்த போர்டுகளைக் குவித்தால் எஸ்டேட்டின் வாசலை அடைத்துவிடலாம். முதல் தடவை பாதி செத்தது, இரண்டாம் தடவை முழுதாகச் சாகும். நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். எங்கே என்ன புகைந்தாலும் முதல் வேலையாக இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். சோம்பேறி என்று அவரைக் கேலி செய்திருக்கிறோம். கை பாக்கெட்டில் இருந்தால் அது சுவிட்சுக்குப் போகாது என்பது எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது. அன்று நானும் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அண்ணாத்தேவையும் பார்க்கவில்லை. தேன்மொழியைப் பார்த்தார்.

"என்னம்மா, போர்டு போச்சா?"

அந்த 'அம்மா'வில் அம்மா இல்லை. கோவைக்காரர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். அதற்கு, கிளம்பட்டுமா என்று பொருள்.

என் சர்வீஸில் சேர்த்துவைத்த காரணங்கள் எல்லாம் ஓடிவந்து எனக்கு முன்னால் வரிசையில் நின்றன. லைனில் திடீரென்று கரண்ட் ஏறிவிட்டது. எர்த் சரியில்லை. சிப் டூப்ளிகேட். புது டிசைன் என்றால் நாலைந்து தடவை போகத்தான் செய்யும். எல்லாமே நல்ல காரணங்கள். பல தடவை பயன்படுத்தித் தேறியவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு குறை. எதைச் சொன்னாலும் அந்தப் பெண்ணைக் கோயம்பேட்டில் தேனி பஸ் ஏற்றிவிடும்.

பாக்கெட்டுக்குள் என் விரல்களில் ஏதோ உதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். காய்ந்த சந்தனம். குமிழில் ஒட்டியிருந்தது.

சர்க்யூட் முழுக்க அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"போர்டு மேல தப்பில்ல சார்," என்றேன். "என் பொட்டிதான் எகிறிடுச்சு. குமிழுக்கு நான்தான் சந்தனம் வெச்சேன். உள்ள எறங்கிடுச்சு."

"சந்தனமா?"

"பன்னீர் கலந்து சார்."

முதலாளி என்னை அந்த மாதிரி அதற்கு முன் பார்த்ததில்லை. காலை மிதித்த கோயில் யானையைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாதவர் பார்ப்பது போலப் பார்த்தார்.

"போர்டு போகலை சார்." தேன்மொழி. அவள் குரல் அத்தனை தெளிவாக ஹாலில் கேட்டது அன்றுதான் முதல் தடவை. ஒயரின் நடுவிலிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தாள். உள்ளே ஒரு சின்ன ஃபியூஸ், பக்கத்தில், அளவுக்கு மேல் வோல்ட்டேஜ் வந்தால் அதைத் தான் வாங்கிக்கொண்டு ஃபியூஸை எரியவிடுகிற ஒரு பாகம். பாம்பு விழுங்கியது எலியை அல்ல, என் முட்டாள்தனத்தை. எரிந்த இரண்டையும் கழற்றி, தன் டிஃபன் டப்பா அளவுப் பெட்டியிலிருந்து புதியவற்றைப் போட்டாள். ஸ்டூலை இழுத்தாள். இந்தத் தடவை நானே ஏறி, மேல்தட்டுப் பவர் சப்ளையை இறக்கிக் கொடுத்தேன். உறையை மடித்துவைக்கிற வேலையும் எனக்குக் கிடைத்தது.

விளக்கு எரிந்தது. கிரைண்டர் சுற்றியது. கல்லின் சத்தம் மெல்ல மெல்ல வழுவழுப்பாகி, ஒரு கட்டத்தில் 'டக்' என்று தானாக நின்றது. கோவைக்காரர் மாவில் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"பதம் சரியா இருக்குதுங்க," என்றார். பிறகு அண்ணாத்தே பக்கம் திரும்பி, "அந்தப் பொட்டிய மட்டும் எங்கூருக்கு அனுப்பீராதீங்க."

"அய்ய, அது எங்கியும் போவாது சார்," என்றார் ஏழுமலை. "அதுக்கு இப்பத்தான் சாந்தி முகூர்த்தம் முடிஞ்சிகீது."

தேன்மொழி பெர்மனென்ட் ஆனாள். டிசைன் டிபார்ட்மென்டுக்கு இன்னொரு நாற்காலியும் வந்தது.

மறுநாள் அண்ணாத்தேவைத் திறந்து பார்த்தோம். குமிழுக்குக் கீழே வளைவான ஒரு தடம். அதன்மேல் ஒரு மெல்லிய உலோக நாக்கு ஊர்ந்துபோகும். அது எங்கே நிற்கிறதோ அதற்கேற்ற வோல்ட்டேஜ். பன்னீரோடு இறங்கிய சந்தனம் தடத்தின் நடுவில் காய்ந்து ஒரு மேடு கட்டியிருந்தது. நாக்கு அதில் ஏறித் தடத்தை விட்டுத் தூக்கிக்கொண்டது. தூக்கிக்கொண்டதும், தன்னைக் கேட்க ஆளில்லை என்று என் சர்க்யூட் மேலே தாவிவிட்டது.

சந்தனத்தை விடுங்கள். சந்தனம் இல்லாவிட்டால் துரு, துரு இல்லாவிட்டால் தூசு. இத்தனை வருடத்தில் அந்த நாக்கு ஒருநாள் தொடாமல் போகும் என்று நான் யோசித்ததே இல்லை. ஐந்து வோல்ட் கேட்டால் ஐந்து வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். பிடி விட்டுப்போனால் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கவில்லை. நீங்கள் எதைச் செய்தாலும் அதை முதலில் பாருங்கள். பிடி விட்டால் கீழே வரவேண்டும், மேலே போகக்கூடாது. தேன்மொழி இரண்டு பாகங்களை இடம் மாற்றி வைத்தாள். அவ்வளவுதான். இப்போது நாக்கு தூக்கிக்கொண்டால் அண்ணாத்தே பேசாமல் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கிப் படுத்துக்கொள்கிறது. குமிழும் மாற்றினோம். கூரையைப் பார்க்காமல் முன்பக்கம் பார்க்கிற மாதிரி. ஆயுதபூஜைக்கு இப்போது முதலில் பாலித்தீன் உறை, அதன்மேல்தான் பொட்டு. இந்த வருடம் நீங்கள் அந்த உறையைப் பார்த்துச் சிரிப்பீர்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

மிக்ஸிக் குமிழைக் கழுவித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், சத்தமில்லாமல் மாட்டிவைத்தேன். மறுநாள் காலை மனைவி சட்னி அரைத்துக்கொண்டே கேட்டாள்: "என்ன, எலி மனசு மாறிடுச்சா? சந்தனம்லாம் பூசிக்கிட்டு வந்திருக்கு?"

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், முதலாளி என் பொறுமையைப் புகழ்ந்தார். ஏழுமலைக்கு அதில் இருமல் வந்துவிட்டது. எல்லாம் முடிந்து அண்ணாத்தேவைத் தேன்மொழியிடம் ஒப்படைத்தேன். அப்போது அவள்தான் டெஸ்டிங்குக்கும் பொறுப்பு. மனதில் கிடந்த ஒரு குறையைக் கேட்காமல் வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

"ஏம்மா, ஒயர்ல ஃபியூஸ் வெச்சு எடுத்துட்டு வர்ற அளவுக்கு உனக்கு அன்னிக்குத் தெரிஞ்சிருக்கு. குமிழ்ல சந்தனம் எறங்கறதைப் பாத்திருக்கே. ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

அவள் அண்ணாத்தேவின் பிளக்கைச் சொருகிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"சொன்னேன் சார், நீங்க மணி ஆட்டிக்கிட்டு இருந்தீங்க."